முனையத்துக்கு யார் காவல்: துணைப் போலிஸா, ஏஜென்சியா, கேமராவா?

எங்கள் துறைமுக முனையத்தின் காவல் ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. இருக்கிற வழிகளை ஒப்பிட்டு ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடு என்று. கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் அடங்காததுதான் இது. சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் சின்னதும் நடுத்தரமுமான முனையங்களில் இதே வேலையில் நம் ஆட்கள் சிலர் இருக்கிறீர்கள், டெண்டர் வந்தால் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறோம், எழுதி வைத்துவிட்டால் ஆளாளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

பெரிய துறைமுகங்களை நடத்தும் பிஎஸ்ஏ நிறுவனம் மாதிரி பெரிய இடம் இல்லை எங்களுடையது. இரண்டு படகுத்துறை, ஒரு கிடங்கு, கொஞ்சம் எண்ணெய்த் தொட்டிகள், ஒரு கேட், பின்னால் ஆள் நடமாட்டம் அதிகம் இல்லாத வேலி. ஆனாலும் வெளிநாட்டுக் கப்பல் வந்து கட்டுகிற இடம் என்பதால் கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஐஎஸ்பிஎஸ் விதிகள் எங்களையும் பிடிக்கும். அமெரிக்காவில் செப்டம்பர் 11 நடந்த பிறகு 2002 டிசம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2004 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் விதிகள். முனையத்துக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி வேண்டும், கடல்துறை, துறைமுக ஆணையம் ஒப்புக்கொண்ட பாதுகாப்புத் திட்டம் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு டிரில்லாவது நடத்த வேண்டும், ஆண்டுக்கொரு பெரிய பயிற்சி வேண்டும், இரண்டு பயிற்சிக்கு நடுவில் 18 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த அதிகாரி நான்தான். கேட்டில் எந்தச் சீருடை நின்றாலும், ஆய்வுக்கு வருகிறவர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது என்னிடம்.

சரி, எதிலிருந்து காவல்?

விலை பேச வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் ஸ்லைடிலேயே கடற்கொள்ளையைப் போடுகிறார்கள். 2025ன் முதல் ஆறு மாதத்தில் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணையில் 80 சம்பவங்களை ஆசியக் கடற்கொள்ளைத் தகவல்களைத் திரட்டும் ரீகாப் மையம் பதிவு செய்தது, உண்மைதான், அதைப் பார்த்தால் எந்த முதலாளிக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அவை பெரும்பாலும் நீரிணையில் போய்க்கொண்டிருக்கும் கப்பலில் இருட்டில் ஏறி இயந்திர உதிரிப் பாகம் திருடுகிற கதைகள். என் கேட்டில் இருபது பேரை நிறுத்தினாலும் அதில் ஒன்றுகூடக் குறையாது. அது கடலோரக் காவல் படையும் கடற்படையும் பக்கத்து நாடுகளும் பார்க்க வேண்டிய வேலை. அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்லிவிடுங்கள்.

நமக்கான பாடம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற புக்கோம் தீவில் இருக்கிறது, அதுவும் இரண்டு முறை. 1974 ஜனவரி 31 அன்று நான்கு பேர், ஜப்பானியச் செம்படையும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியும் சேர்ந்த குழு, படகில் வந்து இறங்கி அங்கே எண்ணெய்த் தொட்டிகளுக்கு வெடி வைத்தார்கள். தப்பி ஓடும்போது லாஜு என்ற ஃபெரியைக் கடத்தி அதன் ஊழியர்களைப் பிணை பிடித்தார்கள். ஒரு வாரம் இழுத்தது. கடைசியில் அவர்களைக் குவைத்துக்கு அனுப்பிய விமானத்தில் உத்தரவாதமாக 13 அதிகாரிகள் கூடவே போனார்கள், அந்தக் குழுவுக்குத் தலைமை எஸ்.ஆர். நாதன். பின்னாளில் அதிபரானவர் என்பது எல்லோருக்கும் தெரியும், 1956ல் அவர் கப்பலோட்டிகளின் நல அதிகாரியாக இருந்தவர் என்பது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். இங்கே நான் கவனிக்கச் சொல்வது அவர்கள் வந்த வழியை. தண்ணீர் வழியாக வந்தார்கள். நம் இடங்களில் கேட்டில் நாலு பேர், படகுத்துறையில் ஒரு டார்ச் லைட் என்றுதானே இன்றைக்கும் ஆள் போடுகிறோம்?

இரண்டாவது, அதே தீவில், துப்பாக்கி வெடி எதுவும் இல்லாமல் நடந்தது. 2018 ஜனவரியில் போலிஸ் கைது செய்தபோதுதான் வெளியே தெரிந்தது. சுத்திகரிப்பு ஆலை ஊழியர்கள் சிலரே கூட்டுச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் எண்ணெயைக் கப்பல்களுக்குத் திருப்பி விற்றிருக்கிறார்கள், 10 கோடி வெள்ளிக்கும் மேல். சரக்கை அளந்து பார்க்க வந்த சர்வேயர்களுக்கும் காசு போயிருக்கிறது. பாஸ் இருக்கிற ஆள், சீருடை போட்ட ஆள், காலையில் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகிற ஆள். ஐரோப்பாவில் இதே நோய் போதைப்பொருள் ரூபத்தில் இருக்கிறது. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் 2023ல் மட்டும் 116 டன் கொக்கைன் பிடிபட்டது, உள்ளே இருப்பவன் கை கொடுக்காமல் அவ்வளவு சரக்கு ஒரு துறைமுகத்துக்குள் நகராது.

மூன்றாவது கம்பியில் வருவது. 2017ல் நாட்பெட்யா என்ற வைரஸ் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளைப் படுக்க வைத்தது. 2023 ஜூலையில் நகோயா துறைமுகத்தின் முனையக் கணினி அமைப்பை, பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் பூட்டிப் போட, இரண்டு நாளுக்கு மேல் சரக்குப் பெட்டி நகரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவில் டிபி வேர்ல்டு நிறுவனம் நடத்தும் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், ஃப்ரிமேன்டில் முனையங்கள் நான்கும் மூன்று நாள் முடங்கின, ஏறத்தாழ 30,000 பெட்டிகள் முற்றத்திலேயே நின்றன. இதற்கும் கேட் காவலுக்கும் என்ன சம்பந்தம் என்று என் நிதி மேலாளர் கேட்டார். பாஸ் தட்டினால் பச்சை விளக்கு எரியும் என்பதை மட்டும் தெரிந்துவைத்திருக்கிற காவலரிடம், ஒரு நாள் விளக்கே எரியாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டுப் பாருங்கள், சம்பந்தம் புரிந்துவிடும்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

துணைப் போலிஸ். செர்ட்டிஸ், எய்டோஸ் போன்ற நிறுவனங்களின் ஆட்கள். போலிஸ் படைச் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள் என்பதால் பணியில் இருக்கும்போது கைது செய்யும் அதிகாரம் உண்டு, ஆயுதமும் ஏந்தலாம். இந்த ஊர்த் துறைமுகத்துக்கு இது புதிதும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே தஞ்சோங் பகார் கப்பல்துறைக்கென்று தனிப் போலிஸ் இருந்தது, சீக்கியர்கள் நிறைய. கடை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டு இருந்த ஜாகா என்ற காவல்காரர் வேறு, கப்பல்துறைப் போலிஸ் வேறு என்று என் தாத்தா பிரித்துச் சொல்வார், இன்றைக்கு டெண்டர் எழுதுகிற பல பேருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஊரில் சென்னை, தூத்துக்குடி போன்ற பெரிய துறைமுகங்களை மத்திய அரசின் சிஐஎஸ்எஃப் படை காக்கிறது. அங்கே ஆயுதப் படையைக் கொடுப்பது அரசாங்கம், இங்கே என் கேட்டுக்கு நான்தான் ஆள் தேடி ஒப்பந்தம் போட வேண்டும்.

அதிகாரம் ஒரு பெரிய விஷயம். லோரி டிரைவர் ஒருவர் சோதனைக்கு வண்டியைத் திறக்க மாட்டேன் என்று சத்தம் போடும்போது துணைப் போலிஸ் அதிகாரி இரண்டு அடி முன்னால் வந்தாலே பாதி சத்தம் அடங்கிவிடும். தனியார் காவலருக்கு அந்த வசதி கிடையாது, சட்டப்படி அவருக்கு உள்ள கைது உரிமை உங்களுக்கும் எனக்கும் உள்ளதுதான். லாஜு மாதிரி ஒன்று நடந்தால் தண்ணீர்ப் பக்கம் ஆயுதத்தோடு ஒருவராவது நிற்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றும்.

சிக்கல், ஆள் பற்றாக்குறை. முன்பு சிங்கப்பூரர்களும் மலேசியர்களும்தான் துணைப் போலிஸில் சேரலாம், 2017ல் தைவானிலிருந்து எடுத்தார்கள், 2024ல் சீனா, இந்தியா, மியன்மார், பிலிப்பீன்ஸ், இலங்கை என்று கதவை இன்னும் விரித்தார்கள். அவ்வளவு தூரம் போய்த் தேட வேண்டியிருக்கிறது என்றால் நம் முனையத்துக்கு எப்படிப்பட்ட முன்னுரிமை கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியும் விமான நிலையமும் வரிசையில் நமக்கு முன்னால் நிற்கின்றன. சிலர் சாமர்த்தியமாக, சாதாரண நாளில் தனியார் காவல் ஏஜென்சி, ஆபத்து கூடிப் பாதுகாப்பு நிலை ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறினால் துணைப் போலிஸைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நிலை இரண்டு வந்தால் எனக்கு மட்டுமா வரும்? அன்றைக்குத் தீவில் இருக்கிற அத்தனை முனையமும் ஒரே நேரத்தில் அதே நம்பருக்குத்தான் போன் அடிக்கும். அந்தத் திட்டம் காகிதத்தில்தான் நடக்கும்.

அடுத்தது ஏஜென்சி. விலை குறைவு என்பார்கள். ஆனால் அந்தக் குறைவும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது. படிப்படியாக உயரும் சம்பள முறையில் சாதாரணக் காவலரின் குறைந்தபட்ச மொத்தச் சம்பளம் 2024ல் 2,650 வெள்ளி, 2026ல் 3,090, 2028ல் 3,530. நான்கு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. எனக்கு அதில் மனக்குறை இல்லை, பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கிறவருக்கு அது நியாயமான காசு. கணக்குப் போடும்போது மறந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கணக்கு என்றதும் ஒன்று. கேட்டில் ஒரு நாற்காலி, 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும், பன்னிரண்டு மணி ஷிப்ட், ஆக இரண்டு பேர் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். தப்பு. மாதத்துக்கு 730 மணி நேரம். வாரம் 44 மணி வேலை, மாதத்துக்கு 72 மணி ஓவர்டைம் என்ற உச்சவரம்பு (2021ல் இருந்து காவலர்களுக்கும் இது கட்டாயம்), இரண்டையும் சேர்த்தால் ஒருவர் மாதத்துக்குச் சுமார் 262 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஒரு நாற்காலிக்கு 2.8 பேர், விடுப்பு, எம்சி எனும் மருத்துவ விடுப்பு சேர்த்தால் மூன்று. சம்பளம் மட்டுமே 2026ல் 9,270 வெள்ளி, 2028ல் 10,590. மத்திய சேமநிதி, பயிற்சி, ஏஜென்சியின் லாபம் எல்லாம் இதற்கு மேல். யாராவது இதற்குக் கீழே விலை போட்டால் எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள், பதில் சொல்லத் திணறுவார்கள்.

எனக்கு ஏஜென்சியோடு உள்ள பிரச்சினை விலையும் இல்லை, ஆட்களின் தரமும் இல்லை. டெண்டர்தான் பிரச்சினை.

எங்களிடம் ஜோகூரிலிருந்து வந்துபோகும் ஒரு அண்ணன் இருந்தார், ஆறு ஆண்டு இரவு ஷிப்ட் சூப்பர்வைசர். ஒரு நாள் அதிகாலையில் எனக்குப் போன் போட்டு, "தம்பி, பின்னாடி துறைக்கு ஒரு படகு வருது. ஸ்டோர் கொண்டுவர படகுன்னு சொல்றாங்க, ஆனா நம்ம ஸ்டோர் படகு டயர் கட்டியிருக்கிற விதமே வேற" என்றார். விளக்கைப் போட்டு மைக்கில் கூப்பிட்டதும் அது திரும்பிப் போய்விட்டது. யார், எதற்கு வந்தார்கள் என்று இன்று வரை தெரியாது. அடுத்த ஆண்டு டெண்டரில் வேறு ஏஜென்சி கொஞ்சம் குறைவாகப் போட்டது, நாங்களும் மாறினோம், கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அண்ணன் தன் ஏஜென்சியோடு போய் இப்போது ஒரு கொண்டோ குடியிருப்பு வாசலில் பார்சல் எண்ணிக்கொண்டிருக்கிறார். புது ஏஜென்சி வந்த இரண்டாவது வாரம் அதே துறையில் ஒரு படகு வந்து நின்றிருக்கிறது. பதிவேட்டில் அழகான கையெழுத்தில் இரண்டு வரி: படகு வந்தது, படகு போனது. காலையில் பார்த்தால் பெயின்ட் டிரம் நான்கைக் காணோம். அந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, வந்து நான்கு நாள் ஆன ஆள், அவனுக்கு எல்லாப் படகும் ஒன்றுதானே. ஆறு ஆண்டில் எங்கள் காசில் ஒரு மனிதர் சேர்த்த அறிவை நாங்களே கொண்டோவுக்கு அனுப்பி வைத்தோம்.

அப்புறம் கேமரா. முகம் பார்க்கும் கருவி, வண்டி எண் படிக்கும் கருவி, வேலியில் கை வைத்தால் கத்தும் சென்சார், தூரத்திலிருந்து பத்து இடத்தை ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கும் சேவை. ரோபோ நாய்கூடக் காட்டினார்கள், படி ஏறியது, எங்கள் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். கிண்டல் செய்வதற்காகச் சொல்லவில்லை, வேலிப் பக்கம் இரண்டு மணிக்கு ஒரு தடவை ஆள் நடப்பதைவிட நல்ல தெர்மல் கேமரா எத்தனையோ மேல். இருட்டு, மழை, தூக்கம் எதுவும் அதற்குக் கிடையாது. துவாஸ் துறைமுகம் முழுதும் முடியும்போது 26 கிலோமீட்டர் கரை, ஆண்டுக்கு 6.5 கோடி பெட்டி என்கிறார்கள், முற்றத்தில் வண்டிகள் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகின்றன. அங்கே ஆள் நடந்தாலே அது அசாதாரணம், கேமரா சட்டென்று பிடித்துவிடும். எங்கள் முற்றத்தில் பெயின்டர், வெல்டர், கப்பல் ஊழியர், சாப்பாடு கொண்டுவருகிறவர் என்று நாள் முழுக்க எறும்புப் புற்று மாதிரி இருக்கும். அந்தக் கூட்டத்தில் எது சரியில்லை என்று கேமராவுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர் கொண்டோவில் இருக்கிறார்.

கேமராவைக் கழற்றிவிட்டு ஒரு நாள் நடத்திப் பாருங்கள் என்பது என் சின்ன ஆலோசனை. சென்ற டிரில்லில் பாஸ் அமைப்பை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, காகிதப் பட்டியலை வைத்துக் கேட்டை நடத்தச் சொன்னேன். நாற்பது நிமிடத்தில் வெளியே லோரி வரிசை சாலை வரைக்கும் போய்விட்டது. பட்டியல் இருந்தது, ஆனால் மூன்று மாதப் பழையது.

எல்லாரையும் நாமே வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். இருபது, இருபத்திரண்டு பேரை ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, எம்சி போட்டால் மாற்று ஆள் தேடி, பதவி உயர்வுக்கு வழி காட்டி, இதெல்லாம் எங்கள் அளவுக்கு ஒத்துவராது. ஒரே இடத்தில் பத்து வருஷம் ஒரே ஆட்கள் இருந்தால் புக்கோமில் நடந்த மாதிரி உறவுகள் வளரவும் வாய்ப்பு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டயர் கட்டின விதத்தைக் கண்டுபிடிக்கிற அதே பழக்கம்தான் கண்ணை மூடிக்கொள்ளவும் கற்றுக்கொடுக்கும்.

அதனால் நான் கேட்டது இது. ஷிப்டை நடத்துகிற சூப்பர்வைசர்கள் மட்டும் எங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கட்டும். கணக்குப்படி மூன்று பேர், ஒருவர் வேலையை விட்டாலும் ஆடிப்போகாமல் இருக்க நான்கு. பதிவேடு, பாஸ் பட்டியல், டிரில், ஏஜென்சி ஆட்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் அவர்கள் கையில். அவர்கள் வேலையை நான் பார்ப்பேன், பாஸ் வழங்கிய பட்டியலையும் சரக்கு வெளியேறிய பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் எங்களோடு சேராத கணக்குப் பிரிவில் ஒருவர், மாதம் ஒரு முறை. கேட்டிலும் கிடங்கிலும் ஏஜென்சி ஆட்கள், தலை எண்ணிக்கைக்கு விலை போடாமல் செய்து முடிக்க வேண்டிய வேலைக்கு விலை போட்டு. அரசாங்கத்தின் சொந்த ஒப்பந்தங்களே 2020 மே முதல் அப்படித்தான் போகின்றன. படகுத்துறைப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி, ஆனால் அதில் ஆண்டு முழுக்கத் துணைப் போலிஸ். நிலை இரண்டு வரும்போது வரிசையில் புதிதாகப் போய் நிற்காமல் இருக்க ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கிற வாடிக்கையாளராக இருப்பது நல்லது, கூடுதல் ஆள் எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். பின்வேலிக்குத் தெர்மல் கேமரா, அங்கே நடந்துகொண்டிருந்த ஒரு நாற்காலியை எடுத்துவிடலாம், அந்தக் காசு சூப்பர்வைசர்கள் சம்பளத்துக்குப் பெருமளவு ஈடு கட்டும். முழுக்க ஈடு கட்டாது, அதை மறைத்து எழுதாதீர்கள், நிதிப் பிரிவு எப்படியும் கண்டுபிடித்துவிடும்.

உங்கள் இடம் ஆபத்தான சரக்கை அதிகம் வைத்திருக்கிற இடம் என்றால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், கேட்டிலும் துணைப் போலிஸ் வையுங்கள். பெய்ரூட்டில் 2020 ஆகஸ்டில் வெடித்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் ஏறத்தாழ ஆறு வருஷம் ஒரு துறைமுகக் கிடங்கில் கிடந்தது. வெறும் கன்டெய்னர் முற்றம், கப்பல் வருவது வாரம் ஒன்றிரண்டு என்றால் தூரத்திலிருந்து பார்க்கும் சேவையும் இரண்டு காவலரும் போதும், என்னைவிடக் குறைந்த செலவில் முடிப்பீர்கள்.

மேலிடம் இரண்டு நாற்காலி விஷயத்துக்குத் தலையாட்டிவிட்டது. நான்கு சூப்பர்வைசரை மூன்றாகக் குறைக்கச் சொல்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறேன். ஜோகூர் அண்ணனுக்குப் போன வாரம் போன் போட்டேன். பூன் லேயிலிருந்து கம்பெனி பஸ் இன்னும் ஓடுகிறதா, கேண்டீன் காப்பி இன்னும் அதே தண்ணிதானா என்று இரண்டு கேள்வி கேட்டார். பஸ் ஓடுகிறது என்றேன்.